தொடக்கப் பள்ளியில் நடத்தையும் வீட்டுப்பாடமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பள்ளி திறந்த சில வாரங்களில் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. சில டைரியில் எழுதி வரும், சில பள்ளி வாசலில் நின்றபடி வரும், சில கோபத்தோடு வரும். தொடக்க வகுப்பு ஆசிரியராக நான் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். உங்கள் பிள்ளையின் டைரியில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஏன் அப்படி என்று அந்த ஆசிரியரிடம் கேட்பதிலும் தவறில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வீட்டுப்பாடம் இருந்தால் சரி?

வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது பல பள்ளிகளில் புழங்கும் கணக்கு. ஒன்றாம் வகுப்புக்கு 10 நிமிடம், இரண்டாம் வகுப்புக்கு 20, ஐந்தாம் வகுப்புக்கு 50. எல்லாப் பாடங்களையும் சேர்த்துத்தான் இந்த நேரம். மொழிப் பாடத்துக்கு ஐம்பது, கணக்குக்கு ஐம்பது என்று தனித்தனியாகக் கிடையாது. வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளை நெடுங்காலம் தொகுத்துவந்த டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் இந்த அளவை ஆதரித்து எழுதியதால் இது பலருக்கும் தெரியவந்தது.

பென்சில் தேடுவது, தண்ணீர் குடிக்கப் போவது, ஜன்னல் வழியாகப் பராக்குப் பார்ப்பது எல்லாம் இதில் சேராது. பிள்ளை உட்கார்ந்து வேலை செய்த நேரத்தை மட்டும் பாருங்கள். அப்படிப் பார்த்தும் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அதுவும் வாரத்தில் பல நாள் ஆகிறது என்றால், அதோடு நிறுத்திவிட்டு "இவ்வளவுதான் முடிந்தது, இத்தனை நிமிடம் ஆனது" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இரவு பத்து மணி வரை விழிக்கவைத்து முழுசாக முடித்து அனுப்பினால், அந்த வேலை அதிகம் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுநாளும் அதே அளவு வரும்.

சின்ன வகுப்பில் வீட்டுப்பாடத்தால் பெரிய பயன் இல்லை என்கிறார்களே, பிறகு எதற்குக் கொடுக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. கூப்பர் தம் குழுவினரோடு 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பே, வீட்டுப்பாடத்துக்கும் படிப்பில் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் தெளிவாகவும் தொடக்க வகுப்புகளில் மிகவும் பலவீனமாகவும் இருப்பதாகத்தான் சொல்கிறது. இந்தச் சண்டையும் பழையது. 1901இல் கலிஃபோர்னியா மாநிலம் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு அந்தச் சட்டம் போய்விட்டது. பிரான்ஸில் 1956ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கொடுக்கும் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள்.

அப்படியும் கொஞ்சம் கொடுப்பதற்குக் காரணம், மறதி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் எழுதினார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பது அதிகம் நிலைக்கிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பின்னால் வந்தவர்களும் அதைத் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கிறார்கள். காலையில் வகுப்பில் படித்த வாய்ப்பாட்டை மாலையில் புத்தகம் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது, ஐந்து நிமிட வேலை. அது போதும்.

இன்னொன்று, தனக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை ஞாபகம் வைத்துச் செய்து பையில் வைக்க வேண்டும் என்ற பழக்கம். மதிப்பெண்ணில் இது தெரியாது.

எல்லா வீட்டுப்பாடமும் நல்ல வீட்டுப்பாடம் என்று நான் சொல்லவில்லை. ஒரே விடையை ஐந்து முறை எழுதிவரச் சொல்வதில் கை வலிப்பதைத் தவிர அதிகம் நடப்பதில்லை. ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் வாசிப்பை வைத்துக்கொள்வேன்: பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும்.

நாங்கள் எவ்வளவு உதவலாம்?

இடம், நேரம், அமைதி: இந்த மூன்றும் உங்கள் பொறுப்பு. டிவியை அணைப்பது, உங்கள் கைபேசியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைப்பது, கேள்வி புரியவில்லை என்றால் சேர்ந்து படித்துப் பார்ப்பது, இவையெல்லாம் உதவிதான். "இதில் என்ன கேட்கிறார்கள்?", "வகுப்பில் இது மாதிரி ஒன்று போட்டீர்களா?" என்று கேட்கலாம். ஒரு கணக்கை நீங்கள் போட்டுக்காட்டி, அடுத்ததை அவளைப் போடச் சொல்லலாம். பென்சில் மட்டும் உங்கள் கைக்கு வரக் கூடாது.

கணக்கு என்றாலே பதறும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட ஓர் ஆய்வுக் குழு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தது. கணக்குப் பயம் அதிகமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கு கற்றது குறைவு. பிள்ளைகளுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அடிக்கடி உதவாத வீடுகளில் பெற்றோரின் பயம் இப்படிப் பிள்ளைகளைப் பாதிக்கவில்லை. "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்படித்தான்" என்ற பேச்சு வீட்டில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பதற்றமாக இருக்கும் நாளில் கணக்கு நோட்டை எங்களிடமே விட்டுவிடலாம். அது எங்கள் வேலைதான்.

தப்பாக எழுதியிருக்கிறாள். திருத்தி அனுப்பலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 52-லிருந்து 28-ஐக் கழித்து 36 என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 24. அவள் கவனக்குறைவாகப் போட்டதாக வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அவள் ரொம்பக் கவனமாகப் போட்டிருக்கிறாள்: ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது, அதனால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து 6, பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போக 3. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு விதி வைத்திருக்கிறாள். அந்த 36-ஐப் பார்த்த அடுத்த நொடி எனக்குத் தெரிந்துவிடும், கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீங்கள் 36-ஐ அழித்து 24 என்று எழுதவைத்து அனுப்பினால் நான் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன். அவளுடைய விதி அப்படியே இருக்கும். மூன்று இலக்கக் கழித்தலில் மறுபடி தலைதூக்கும், அதற்குள் சில மாதங்கள் போயிருக்கும்.

வீட்டுப்பாடத்தில் எல்லாம் சரி, வகுப்புத் தேர்வில் எல்லாம் தப்பு என்று வரும் நோட்டுகளைப் பார்க்கும்போது பிள்ளைமேல் கோபம் வருவதில்லை. அந்த நோட்டில் யாருடைய படிப்பைப் பார்க்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். தப்பு தப்பாகவே வரட்டும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள்.

ப்ராஜெக்ட், சார்ட் எல்லாம் நாங்கள்தானே செய்ய வேண்டியிருக்கிறது?

செய்யாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை வெட்டி ஒட்டியது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்: கோணலாக, பசை வழிந்து, ஒரு எழுத்து விட்டுப்போய் இருக்கும். பெரியவர்கள் உதவாமல் முடியாத ப்ராஜெக்டை ஓர் ஆசிரியர் கொடுக்கிறார் என்றால் தவறு ஆசிரியருடையது. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் என்றாலே அழுகை, ஆர்ப்பாட்டம். என்ன செய்வது?

முதலில் எந்த நேரத்தில் உட்காரவைக்கிறீர்கள் என்று பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் உட்காரச் சொன்னால் முடியாது, பெரியவர்களாலும் முடியாது. சாப்பிடட்டும், ஓடி விளையாடட்டும், அப்புறம் உட்காரட்டும். ரொம்பவும் தள்ளிப்போட்டால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. காலை எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், வீட்டுப்பாடத்துக்கு எந்த நேரம் மிஞ்சுகிறது என்று தெரியும். தினமும் அதே நேரம், அதே இடம் என்று ஆகிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு மட்டும் அழுகிறானா, எல்லாவற்றுக்கும் அழுகிறானா என்றும் கவனியுங்கள். வாசிப்பு என்றால் மட்டும் வயிற்று வலி வருகிறது என்றால், அவனுக்கு எழுத்துக்கூட்டுவதில் சிக்கல் இருக்கலாம். பலகையைப் பார்த்து எழுதியவை மட்டும் தப்பும் தவறுமாக இருந்தால் கண்ணைப் பரிசோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதைப் பரிசோதியுங்கள். "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய பிறகு கண்ணாடி போட்டுத் தெளிந்த பிள்ளைகள் உண்டு.

முடிக்காமல் வந்தால் என்ன தண்டனை?

காரணம் கேட்போம். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லிக்கொடுப்போம். மறந்துவிட்டான் என்றால் வகுப்பில் ஓய்வான நேரத்தில் முடிக்கச் சொல்வோம். தொடர்ந்து நடந்தால் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

இடைவேளையையும் விளையாட்டுப் பீரியடையும் பிடுங்கிக்கொள்வது நிறைய இடங்களில் நடக்கிறது; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2013இல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையை ரத்து செய்யக் கூடாது என்று சொன்னது. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைத்தான் பெரும்பாலும் உள்ளே உட்காரவைக்கிறார்கள். ஓட வேண்டிய பிள்ளையை ஓடவிடாமல் வைத்துவிட்டு, அடுத்த பீரியடில் அசையாமல் இரு என்றால் எப்படி இருக்கும்?

அடி கிடையாது. "நாலு போடு போடுங்க டீச்சர், நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று இன்றும் சில பெற்றோர் சொல்கிறார்கள், அன்போடுதான் சொல்கிறார்கள். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. போலந்து 1783லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. ஸ்வீடன் 1979இல் வீட்டிலும் தடை செய்தது. சட்டத்தை விடுங்கள், அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது நோட்டை ஒளித்துவைப்பதைத்தான்.

வகுப்பில் என்ன மாதிரி நடத்தையை எதிர்பார்க்கிறீர்கள்?

வயதைப் பொறுத்தது. ஒன்றாம் வகுப்பில் வரிசையில் நிற்பது, பேச வேண்டும் என்றால் கையைத் தூக்குவது, அவசரமாகப் போக வேண்டும் என்றால் வெட்கப்படாமல் சொல்வது, அடுத்தவர் பொருளைக் கேட்டு எடுப்பது, இவ்வளவுதான். முதல் சில வாரங்கள் பாடத்தைவிட இதற்கே அதிக நேரம் போகும். "இன்னும் நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே" என்று அப்போது கவலைப்பட வேண்டாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் குழுவாக வேலை செய்வது, ஒத்துவராத பிள்ளையோடும் ஒரு வேலையைச் சேர்ந்து முடிப்பது, தான் செய்ததை ஒத்துக்கொள்வது என்று கொஞ்சம் ஏறும்.

விதிகள் நான்கைந்துக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கும் நினைவிருக்காது, எங்களுக்கும் நினைவிருக்காது. செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். "ஓடாதே" என்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பான். "நடந்து போ" என்றால் நடப்பான். வீட்டிலும் முயன்று பாருங்கள்.

நடத்தையையும் ஒரு பாடமாகத்தான் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். காத்திருக்கத் தெரியாத பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். கணக்கு நோட்டில் தப்பு வருவது போல இதிலும் வரும்.

வீட்டில் அவன் தங்கம். பள்ளியில் சேட்டை என்கிறீர்கள், நம்ப முடியவில்லை.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வீட்டில் ஒரு பந்து, ஒரு பிள்ளை. வகுப்பில் ஒரு பந்து, முப்பது பிள்ளைகள். எதிர்ப்பக்கமும் உண்டு: பள்ளியில் நாள் முழுக்க அடக்கமாக இருந்துவிட்டு வீட்டு வாசல் தாண்டியதும் வெடிக்கும் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் எங்களை நம்புவதில்லை.

ஆசிரியர் புகார் சொன்னால், என்ன நடந்தது, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். "எப்போதும் தொல்லை" என்பது பதில் ஆகாது. "கணக்குப் பீரியடில், வேலையை முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான்" என்றால் அதில் செய்வதற்கு ஏதோ இருக்கிறது.

ஸ்டார், ஸ்டிக்கர், பரிசு கொடுத்துச் செய்யவைக்கலாமா?

அளவாக. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் விருது" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று விருது பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே ஆசையாகச் செய்யும் வேலைக்கு விலை வைக்காதீர்கள். பல் தேய்ப்பது, பை அடுக்குவது போன்ற அலுப்பான வேலைகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஸ்டிக்கர் உதவும். பழகியதும் மெல்ல நிறுத்திவிடலாம்.

பாராட்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் மியூல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர் வந்து தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். பின்னாளில் இதை ஊதிப் பெருக்கியவர்களும் உண்டு. ஆனாலும் "இந்தக் கணக்கை இரண்டு வழியில் போட்டுப் பார்த்திருக்கிறாயே" என்று குறிப்பாகச் சொல்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

என் பிள்ளையை ஒருவன் அடிக்கிறான், கேலி செய்கிறான். அவன் பெற்றோரிடம் நானே பேசட்டுமா?

முதலில் வகுப்பாசிரியரிடம் வாருங்கள். பள்ளி வாசலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஆரம்பிக்கும் பேச்சு பெரியவர்கள் சண்டையாக முடிகிறது. இதற்குள் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாச் சண்டையும் வதைத்தல் ஆகாது. வதைத்தல் பற்றிய ஆய்வுகளின் முன்னோடியான டான் ஓல்வியுஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பாதிக்கப்பட்டவர் எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. பந்துக்காக இருவர் தள்ளிக்கொண்டது சண்டை. ஒருத்தியை மட்டும் தினமும் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, கை ஓங்காவிட்டாலும், வதைத்தல்தான். அப்படி என்றால் தேதி, இடம், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் அசையவில்லை என்றால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

"நீயும் திருப்பி அடி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். திருப்பி அடித்தவன்தான் எப்போதும் மாட்டுவான்.

கவனமே நிற்பதில்லை. ஏதாவது குறைபாடு இருக்குமோ?

ஆசிரியர் அதை முடிவு செய்யக் கூடாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கவனக்குறைவோ மிகைச் செயல்பாடோ இரண்டுமோ உள்ள ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும், அதிலும் ஒரே ஆசிரியரின் வகுப்பில் மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது ஆறேழு வயது வரை சகஜம். எட்டு வயதுக்கு மேலும் எழுத்துக்கூட்டி வாசிப்பது பெரும்பாடாக இருந்தால் காத்திருக்காதீர்கள். பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டில் மறந்துவிட்ட நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்து தரலாமா?

கண்ணாடி, மருந்து, சாப்பாடு என்றால் உடனே கொண்டுவாருங்கள். வீட்டுப்பாட நோட்டு என்றால் வேண்டாம். "மறந்துட்டேன் டீச்சர்" என்று அவனே வந்து சொல்லட்டும், அதற்காக இங்கே யாரும் கடித்துவிட மாட்டோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டு எழுதலாமா?

விடையைக் கேட்டு எழுதினால் அது அண்ணன் எழுதிக் கொடுத்ததற்குச் சமம். 36 பற்றி மேலே சொன்னதுதான் இதற்கும். பாடம் உங்களுக்கே புரியவில்லை, பிள்ளைக்கு விளக்க வேண்டும் என்றால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது தரும் விடையும் தப்பாக இருக்க வாய்ப்புண்டு.

காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. விடுபட்ட வீட்டுப்பாடம் முழுவதையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். நண்பன் நோட்டை வாங்கி விடிய விடிய நீங்கள் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். எந்தப் பாடம் விட்டுப்போனது என்று நாங்கள் பார்த்து, அதில் தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுத்து எழுதவைப்போம். முழுசாகக் குணமாகட்டும், தூங்கட்டும். வரும் நாளில் டைரியையும் ஒரு பென்சிலையும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.